சிறுவர் மடிக்கணினியில் ஓர் ஆய்வுகூடம்

‘மெஷர்’ என்பது ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கென உருவான எக்ஸ்ஓ மடிக்கணினியில் இயங்கிய அளவீட்டு மென்பொருள். ஒலிவாங்கியில் விழும் ஒலியை அது அலைவடிவமாகத் திரையில் வரையும். அந்த ஒலியில் அடங்கிய மீடிறன்களைப் பிரித்துக் காட்டும். ஒலிவாங்கித் துளையில் செருகிய கம்பி வழியே வரும் வோல்ற்றளவையும் தடையையும் படிக்கும். படித்ததைக் குறித்த இடைவெளியில் பதிந்து அட்டவணையாகச் சேமித்துத் தரும். இதன் முதல் வடிவம் 2007இல் எழுதப்பட்டது. அதன்பின் இதைத் திருத்தியும் விரித்தும் மொழிபெயர்த்தும் காத்தவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைக்கு அளவுக் கருவியைக் கொண்டு சேர்க்கும் முயற்சிகளில் இந்த மென்பொருளுக்கு ஒரு தனியிடம் உண்டு. எழுதியவர் விலகியபோதும், கணினியைத் தந்த நிறுவனம் சுருங்கியபோதும் கருவி நிலைத்து நின்றது என்பதே அதற்குக் காரணம்.

முன்வரலாறு

கணினியைப் பிள்ளைகள் தாமே ஆட்டிவைக்கும் பொருளாகக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் 1960களில் வேரூன்றியது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1967இல் லோகோ என்ற கணினி மொழியைச் சிறுவர்களுக்கென ஆக்கினர். ஒன்றைக் கட்டிப் பார்க்கும்போதே பிள்ளை அதை உண்மையில் கற்கிறது என்பது பேப்பர்ட்டின் கொள்கை. 1982இல் அவரும் நிக்கலஸ் நெக்ரோபாண்டியும் செனகல் தலைநகர் டக்காரில் பிள்ளைகளுக்குக் கணினி தந்து பார்த்த முயற்சி, வறிய நாடுகளிலும் இது கைகூடும் என்ற நம்பிக்கையை அவர்களுக்கு ஊட்டியது.

அளவீட்டுக் கருவியைக் கணினியோடு இணைக்கும் மரபு வேறொரு கிளையாக வளர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் டிங்கரும் அவரைச் சேர்ந்தவர்களும் வெப்பநிலை உணரி, அசைவு உணரி போன்றவற்றைச் சிறு கணினிகளில் பொருத்தி, அளவீடு நடக்கும்போதே வரைபு திரையில் எழும்படி செய்தனர். வெந்நீர் ஆறுவதை வெப்பமானியில் பார்த்து, கொப்பியில் எழுதி, பிறகு வரைபுத்தாளில் புள்ளியிடும் மாணவருக்கு நிகழ்வும் வரைபும் வெவ்வேறு வேளைகளில் வந்து சேர்கின்றன. நீர் ஆறும்போதே கோடு வளைந்து இறங்குவதைப் பார்க்கும் மாணவர் வரைபைப் படிக்க விரைவில் பழகுகிறார். இந்த முறை நன்றாக வேலை செய்தது. ஆயினும் கணினிக்கும் உணரிக்கும் இடையே நிற்கும் இடைமுகப் பெட்டியின் விலை வசதியுள்ள பாடசாலைகளுக்கே எட்டியது.

ஒலிவாங்கித் துளையில் ஓர் அளவுமானி

‘ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற திட்டத்தை நெக்ரோபாண்டி 2005 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் முன்வைத்தார். அதே ஆண்டு நவம்பரில் தூனிஸ் நகரில் நடந்த உலகத் தகவல் சமூக மாநாட்டில் மாதிரிக் கணினி காட்டப்பட்டது. 100 டொலருக்குக் கணினி என்பது அறிவித்த இலக்கு. 2007 நவம்பரில் பெருமளவு உற்பத்தி தொடங்கியபோது விலை அதைப்போல ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. பச்சையும் வெள்ளையுமான எக்ஸ்ஓவில் 433 மெகாஹேர்ட்ஸ் செயலி, 256 மெகாபைட் நினைவகம், 1 ஜிகாபைட் சேமிப்பு, வெயிலிலும் படிக்கக்கூடிய 7.5 அங்குலத் திரை ஆகியவை இருந்தன. லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் ‘சுகர்’ என்ற சிறுவர் இடைமுகம் ஓடியது. அதன் பெரும்பகுதி பைதான் மொழியில் எழுதப்பட்டது.

அளவீட்டுக்கு வழி திறந்தது இக்கணினியின் ஒலிச் சுற்றில் செய்த ஒரு சிறு மாற்றம். சாதாரணக் கணினியின் ஒலிவாங்கித் துளைக்குப் பின்னால் ஒரு கொள்ளளவி இருக்கும். அது விரைந்து ஏறி இறங்கும் ஒலிச் சைகைகளை உள்ளே விடும். மெல்ல மாறும் வோல்ற்றளவைத் தடுத்துவிடும். பாட்டுக்கும் பேச்சுக்கும் இதனால் குறைவில்லை. ஆனால், காலையிலிருந்து மாலைவரை மெதுவாக ஏறி இறங்கும் வெப்பநிலையை அத்தகைய துளை வழியே அறிய முடியாது. எக்ஸ்ஓவை வடிவமைத்தவர்கள் இந்தக் கொள்ளளவியை மென்பொருளின் கட்டளைப்படி விலக்கிக்கொள்ளச் சுற்றில் இடம் வைத்தனர். அத்துடன் ஒலிவாங்கிக்குக் கொடுக்கப்படும் சிறு வோல்ற்றளவையும் திறக்கவும் மூடவும் முடிந்தது. அதைத் திறந்துவைத்தால் தெர்மிஸ்டர், ஒளியுணர் தடை போன்ற எளிய உணரிகளின் தடையை நேரடியாக அளக்கலாம். மூடிவைத்தால் வெளியிலிருந்து வரும் வோல்ற்றளவை அளக்கலாம்.

இதனால் தனி இடைமுகப் பெட்டி தேவையற்றதாயிற்று. கேட்பொறிக் கம்பியில் இருப்பது போன்ற ஒரு செருகி, இரண்டு கம்பித் துண்டு, கடைத்தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓர் உணரி ஆகியவை போதும். ஒலிச் சுற்று விநாடிக்கு 48,000 தடவை மாதிரி எடுத்தது. 24,000 ஹேர்ட்ஸ் வரையான அதிர்வுகளைப் பிடிக்க அது போதும். மனிதச் செவி கேட்கும் எல்லை ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ்.

மென்பொருள் எழுந்த விதம்

சுற்று இருந்தாலும் அதைப் பிள்ளை கையாள ஒரு மென்பொருள் வேண்டியிருந்தது. அதை 2007இல் எழுதத் தொடங்கியவர் அர்ஜுன் சர்வால் என்ற இந்திய இளைஞர். அவர் மெஷரை ஒரு சிறு அலைவுகாட்டியாக அமைத்தார். கிடையச்சில் நேரமும் நிலையச்சில் சைகையின் வலிமையும் காட்டும் திரை ஒன்று. கிடையச்சில் மீடிறனைக் காட்டும் திரை மற்றொன்று. முதல் திரையில் புல்லாங்குழலின் ஒலி ஒழுங்கான அலையாகவும் கைத்தட்டல் ஒரு கூரிய எழுச்சியாகவும் தெரியும். இரண்டாவது திரை, ஃபூரியர் உருமாற்றம் என்ற கணித முறையால், ஒரே சுருதியில் ஒலிக்கும் இரண்டு வாத்தியங்களின் தொனி ஏன் வேறுபடுகிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டும். அலை ஓடிக்கொண்டே இராமல் ஓரிடத்தில் நிற்பதற்கு, சைகை ஒரு குறித்த அளவைத் தொடும் கணத்திலிருந்து வரையத் தொடங்கும் தூண்டல் வசதியும் சேர்ந்தது. பதிவு வசதியில், விநாடியின் பத்தில் ஒரு பங்கு முதல் அரை மணி நேரம் வரை இடைவெளியைத் தெரிந்துகொள்ளலாம். இரவு முழுவதும் வெப்பநிலையைப் பதிந்துவிட்டுக் காலையில் அட்டவணையைத் திறந்து பார்க்க இது உதவியது.

மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டதால் யார் வேண்டுமானாலும் படித்து, மாற்றி, மாற்றியதைப் பகிர முடிந்தது. இந்த உரிமை பிள்ளைகளுக்கும் உண்டு என்பதைக் காட்ட, எக்ஸ்ஓவின் விசைப்பலகையிலேயே மூலநிரலைத் திறக்கும் விசை ஒன்று வைக்கப்பட்டது. பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் வேலையைத் தமக்குள் பிரித்துக்கொண்டனர். ஒருவர் திரையில் வரையும் பகுதியை வேகப்படுத்தினார். இன்னொருவர் ஒலிச் சுற்றோடு பேசும் பகுதியைச் சீர்செய்தார். மின்னணுவியல் தெரிந்தவர்கள் உண்மையான உணரிகளைச் செருகி அளவீடு சரியா என்று பார்த்தனர். ஆசிரியர்கள் வகுப்பில் எது புரியவில்லை என்பதைச் சொன்னார்கள். திரையில் வரும் சொற்றொடர்களை மட்டும் தனிக் கோப்பாகப் பிரித்துவைத்ததால், நிரல் எழுதத் தெரியாதவரும் மொழிபெயர்ப்பில் பங்கேற்க முடிந்தது. சுகர் இடைமுகத்துக்குத் தமிழ், சிங்களம், நேபாளி எனப் பல மொழிக் கோப்புகள் இவ்விதமே உருவாயின.

அக்காலத்தில் எக்ஸ்ஓவுக்கென எழுந்த மற்றோர் அளவீட்டு மென்பொருள் பெஞ்சமின் ஷ்வார்ட்ஸ் ஆக்கிய ‘டிஸ்டன்ஸ்’. இது இரண்டு கணினிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை ஒலியைக் கொண்டு அளந்தது. முதற் கணினி ஓர் ஒலியை எழுப்பும். இரண்டும் அதைப் பதிந்துகொள்ளும். பிறகு இரண்டாவது கணினி ஒலி எழுப்பும். அதையும் இரண்டும் பதியும். ஒவ்வொரு கணினியும் தான் கேட்ட இரு ஒலிகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கணிக்கும். இந்த இரு நேரங்களின் வேறுபாடு, ஒலி போய்வர எடுக்கும் நேரத்துக்குச் சமம். கணினிகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டாலும் விடை மாறாது. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீற்றர் செல்லும். 48,000 மாதிரிகளில் ஒன்றுக்கு அது ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். இரண்டு பிள்ளைகள் இல்லாமல் இந்த அளவீடு நடவாது என்பதால் கூட்டாகக் கற்பதற்கு இது நல்ல கருவியாயிற்று.

நிறுவனம் சுருங்கியபின்

2008இல் திட்டத்துக்குள் கருத்து வேறுபாடு முற்றியது. சுகர் இடைமுகத்தின் வளர்ச்சிக்குப் பொறுப்பாயிருந்த வால்டர் பெண்டர் விலகி, அதே ஆண்டு மே மாதத்தில் சுகர் லேப்ஸ் என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். 2009 ஜனவரியில் மடிக்கணினி நிறுவனம் தன் ஊழியரில் ஏறத்தாழப் பாதிப்பேரை நீக்கியது. அதுமுதல் சுகரின் மென்பொருள்களைப் பேணும் சுமை பெரிதும் தன்னார்வலர் மேல் விழுந்தது.

மெஷரின் அடுத்த கட்டத்தைப் பெண்டரும் வேறு சிலரும் 2009 முதல் நடத்தினர். அப்போது எழுந்த பெரிய சிக்கல் அளவுதிருத்தம். எக்ஸ்ஓவின் பிந்திய மாதிரிகளில் செயலியும் ஒலிச் சுற்றும் மாறின. முதல் மாதிரியில் ஒரு தடைக்குக் கிடைத்த எண் அடுத்த மாதிரியில் அதே தடைக்குக் கிடைக்கவில்லை. எனவே தெரிந்த தடைகளை ஒவ்வொன்றாகச் செருகி, வந்த எண்களைக் குறித்து, அவற்றுக்குப் பொருந்தும் சமன்பாட்டை மாதிரிதோறும் தனியாகக் கண்டு நிரலில் சேர்க்க வேண்டியிருந்தது. இது பெயர் வாங்கித் தராத வேலை. ஆனால் இதைச் செய்யாவிட்டால் திரையில் தெரியும் எண்ணுக்குப் பொருளே இல்லை. இசைச் சுருதிகளை மீடிறனோடு ஒப்பிட்டு வாத்தியத்தைச் சுருதி கூட்டும் வசதியும் இக்காலத்தில் சேர்ந்தது. டர்டில் ஆர்ட் என்ற நிரலாக்கக் கருவியிலும் ஒலி, வோல்ற்றளவு, தடை ஆகியவற்றுக்கான கட்டைகள் வந்தன. பிள்ளைகள் அளந்ததைக் கொண்டு படம் வரையவும் பொறிகளை இயக்கவும் அவை வழிசெய்தன.

13 முதல் 17 வயது வரையான மாணவர்களுக்குக் கூகிள் நடத்திய ‘கோட்-இன்’ போட்டியில் சுகர் லேப்ஸ் 2012 முதல் பங்கேற்றது. இதனால் பாடசாலை மாணவர்கள் இளையவர்களின் மென்பொருளைத் திருத்தும் நிலை வந்தது. பைதான் மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 தொடக்கத்தில் முடிந்ததை ஒட்டி, சுகர் மென்பொருள்களை மூன்றாம் பதிப்புக்கு மாற்றும் நீண்ட வேலையையும் தன்னார்வலரே ஏற்றனர்.

வகுப்பறைகளில்

எக்ஸ்ஓவைத் தேசிய அளவில் ஏற்ற நாடுகளில் முதன்மையானது உருகுவே. 2007இல் வில்லா கார்டால் என்ற சிற்றூரில் தொடங்கி, 2009 அக்டோபருக்குள் அரச ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் அனைவருக்கும் மடிக்கணினி கொடுத்து முடித்தது. பௌதிகவியல் ஆசிரியர் குஸ்மான் டிரினிடாட் அங்கே எக்ஸ்ஓவைக் கொண்டு செய்யத்தக்க சோதனைகளை உருவாக்கி, உணரிகளைச் செய்யும் முறையோடு நூலாக எழுதினார். அந்நாட்டின் குடியரசுப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம், எக்ஸ்ஓவை மூளையாகக் கொண்டு உணரிகளால் இயங்கும் புத்தியா என்ற ரோபோவைப் பாடசாலைகளுக்கென ஆக்கியது.

பெருவில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வாங்கப்பட்டன. ஆனால் 2012இல் வெளியான அமெரிக்க நாடுகளிடை அபிவிருத்தி வங்கியின் மதிப்பீடு, கணிதத்திலும் மொழியிலும் தேர்வுப் பெறுபேறு உயர்ந்ததற்குச் சான்று காணவில்லை. உருகுவேயில் சோதனைகளை எழுதித் தந்த ஆசிரியரும் பழுதுபார்க்க ஆளும் இணைய வசதியும் இருந்தன. பெருவின் தொலைவிடப் பாடசாலைகள் பலவற்றில் அந்தத் துணை குறைவு. கணினியைக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை என்ற பாடத்தை இவ்விரு நாடுகளின் அனுபவமும் சேர்ந்து கற்பித்தது.

இந்தியாவில் 2006இல் மத்தியக் கல்வி அமைச்சு இத்திட்டத்தை ஏற்க மறுத்தது. ஆசிரியரும் வகுப்பறையும் முதலில் வேண்டும் என்பது அதன் வாதம். அடுத்த ஆண்டு மகாராஷ்டிர மாநிலத்தின் கைராட் கிராமப் பாடசாலையில் சிறு அளவில் ஒரு முன்னோடி முயற்சி நடந்தது. ஆயினும் அளவீட்டுக் கருவியை மாணவர் கையில் சேர்க்கும் எண்ணம் இந்தியாவில் வேறொரு வழியில் செழித்தது. புது டெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையம் 2004இல் ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பி.பி. அஜித் குமார் தலைமையில் வளர்ந்த இத்திட்டத்திலிருந்து 2011 அளவில் ‘எக்ஸ்பைஸ்’ என்ற சிறு கருவிப் பெட்டி பிறந்தது. கணினியின் யூஎஸ்பி துளையில் செருகினால் அலைவுகாட்டி, சைகை பிறப்பி, வோல்ற்றுமானி, விநாடியின் நுண்பங்குகளை அளக்கும் கடிகாரம் அனைத்தும் ஒன்றாகக் கிடைக்கும். இதன் மென்பொருளும் பைதானில் எழுதிய கட்டற்ற மென்பொருள்தான். சுற்று வரைபடமும் வெளிப்படையானது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளுக்கும் இது சென்றது.

இலங்கையும் மன்னார்க் கரையும்

இலங்கையில் தன்னார்வ மென்பொருள் முயற்சிக்கு வலுவான முன்னுதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிந்து தேட, இலங்கைத் தன்னார்வலர்கள் சில வாரங்களுக்குள் ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதினர். அது பின்னர் பல நாடுகளின் பேரிடர்களில் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதை அதற்கு வழங்கியது. எக்ஸ்ஓ கணினியும் உலக வங்கியின் துணையோடு தெரிந்தெடுத்த சில ஆரம்பப் பாடசாலைகளில் பரீட்சார்த்தமாகக் கொடுக்கப்பட்டது. தீவு முழுவதற்கும் அது விரியவில்லை.

ஓர் ஊரின் பிள்ளைகள் இத்தகைய கருவியால் எதை அளக்கலாம் என்பதற்கு மன்னார்ப் பெருநிலத்தில் பழைய மாதோட்டத் துறைமுகத்தை அடுத்து அமைந்த திருக்கேதீஸ்வரம் நல்ல எடுத்துக்காட்டு. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலத்தின் பாலாவித் தீர்த்தம் ஒரு புறம். ஆழம் குறைந்த கடலும் உப்புப் படியும் தரவைகளும் மறுபுறம். உள்ளே வயல்களுக்கு நீர் தரும் கட்டுக்கரைக் குளம். நீரில் உப்பு மிகுந்தால் அதன் மின்தடை குறையும். ஒரே இடைவெளியில் நிறுத்திய இரண்டு கம்பிகளைக் கிணற்று நீரிலும் குளத்து நீரிலும் கடல் நீரிலும் மாறி மாறி அமிழ்த்தி, தடையைப் படித்து ஒப்பிடலாம். நேரோட்டத்தில் கம்பிகளின் மேல் வாயுக் குமிழ் படிந்து அளவு நகரும் என்பதால் ஒவ்வொரு தடவையும் விரைந்து படித்துக் கம்பியைத் துடைக்க வேண்டும். மாரியிலும் கோடையிலும் ஒரே கிணற்றை இப்படி அளந்து வந்தால், கரையோர ஊர்களை வருத்தும் உவர்நீர் ஏற்றத்தைப் பிள்ளைகளே வரைபில் காண முடியும்.

காற்றும் அப்படியே. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் மன்னாரில் ஓங்கி வீசும். மார்கழியை ஒட்டி வாடை வரும். விளையாட்டுப் பொருளிலிருந்து எடுத்த சிறு மோட்டாரில் விசிறியைப் பொருத்தினால் காற்றின் வேகத்துக்கு ஏற்ப வோல்ற்றளவு பிறக்கும். கணினியின் எல்லையை மீறாதபடி அதைத் தடைகளால் குறைத்துச் செருகினால் காற்றின் ஏற்ற இறக்கம் பதிவாகும். மன்னார்த் தீவில் 2020களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய தம்பபவனி காற்றாலைகளும் அடிப்படையில் இதே தத்துவத்தில்தான் மின்சாரம் தருகின்றன.

அளவுக் கருவியைப் பயன்படுத்துவோரே அறிந்து கையாண்ட மரபு இக்கரைக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு நடந்த காலத்தில், 20 துளைகள் கொண்டதிலிருந்து 1,000 துளைகள் கொண்டதுவரை பத்துப் பித்தளைத் தட்டுகளில் முத்துகளைச் சலித்துத் தரம் பிரித்தனர். பெரிய முத்து முதல் தட்டிலேயே தங்கும். சிறியவை ஒவ்வொன்றாய் இறங்கிக் கடைசித் தட்டைச் சேரும். விற்பவரும் வாங்குபவரும் ஒரே தட்டைக் கண்ணால் பார்த்து அளவை ஒப்பினர்.

பின்வந்த கருவிகள்

எக்ஸ்ஓ கணினிகள் இருபது இலட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டன. 2010களின் நடுப்பகுதிக்குள் விலை மலிந்த கைபேசியும் பலகைக் கணினியும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’, கைபேசியில் ஏற்கெனவே உள்ள ஒலிவாங்கியையும் முடுக்க உணரியையும் காந்த உணரியையும் சோதனைக் கருவிகளாக்கியது. அதன் மூலநிரலும் திறந்தது. அதையும் பல மொழிகளுக்குத் தன்னார்வலர் பெயர்த்தனர். ஆசியக் கட்டற்ற மென்பொருள் அமைப்பான ஃபாஸ்ஏசியா வளர்த்த கையடக்க அறிவியல் கூடம், எக்ஸ்பைஸ் கருவியின் வழியில் வந்தது.

மெஷரின் மூலநிரல் இன்றும் சுகர் லேப்ஸின் பொதுக் களஞ்சியத்தில் இருக்கிறது. லினக்ஸ் ஓடும் பழைய கணினியிலும் சுகரை நிறுவி ஒலியை அளக்கலாம். மெல்ல மாறும் வோல்ற்றளவை அளப்பதற்கு எக்ஸ்ஓ தந்த வசதி மற்றக் கணினிகளில் இல்லை. அதற்கு எக்ஸ்பைஸ் போன்ற வெளிக் கருவி வேண்டும். இந்த ஏறத்தாழ இருபது ஆண்டு வரலாற்றில் கணினிகள் பழுதாகின, நிறுவனங்கள் மாறின, நிரல்மொழியின் பதிப்பும் மாறியது. அளவுதிருத்தச் சமன்பாடும், சோதனை முறைகளும், மொழிக் கோப்புகளும் எஞ்சி அடுத்த கருவிகளுக்கு அடித்தளமாயின. தமிழில் இன்னும் குறைவாக இருப்பவை இந்த மூன்றாவது வகையும் இரண்டாவது வகையும்தான்: திரைச் சொற்களின் முழுமையான மொழிபெயர்ப்பும், உள்ளூர் நீரையும் காற்றையும் மண்ணையும் கொண்டு எழுதிய சோதனைக் கையேடுகளும். அவற்றை எழுத நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாடத்தை அறிந்த ஆசிரியரும், ஊரை அறிந்த மாணவரும், இருவரும் எழுதியதை எவரும் எடுத்தாளத் திறந்துவிடும் மனமும் இருந்தால் போதும்.